கேபினெட்டோட வந்த 500 வாட் எஸ்எம்பிஎஸ், கிராஃபிக்ஸ் கார்ட தாங்குமானு வீட்டுலயே பாக்க முடியுமா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஐ5-12400 ப்ராசசர் போட்ட மெஷின், மூணு வருஷம் முன்னாடி கடையில அசெம்பிள் பண்ணி வாங்கினது, எஸ்எம்பிஎஸ், அதான் சுவத்துல வர்ற கரண்ட டிசியா மாத்தி மெஷினுக்குக் குடுக்குற பவர் சப்ளை பெட்டி, கேபினெட்டோடயே வந்தது, மேல 500 வாட்டுனு பெருசா ஸ்டிக்கர். இப்ப ஃப்ரெண்டுகிட்ட இருந்து ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்ட்ல வருது. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸ கையில தூக்கிப் பாத்துட்டு "நல்ல வெயிட்டு இருக்கு, தாராளமா தாங்கும்"னு சொல்லி ஒரு கன்வெர்ட்டர் கேபிளையும் குடுத்து அனுப்பிட்டார். யூடியூப்ல ஒருத்தர் பேப்பர் கிளிப் போட்டு மீட்டர் வச்சு 12 வோல்ட் வந்தா ஓகேங்கறார். யார நம்புறதுனு கேட்டிருக்கீங்க. ஆனா அதுக்கு அடியில இருக்கிற கேள்வி என்னன்னா, பிரிக்காம, வீட்ல இருக்கிற சாமான வச்சு ஒரு எஸ்எம்பிஎஸ் நல்லதா கெட்டதானு முடிவு பண்ண முடியுமாங்கறதுதான். மதுரையில இருபது வருஷமா சர்வீஸ் பாக்குறவனா என் பதில்: கெட்டதுனு முடிவு பண்ணிடலாம். நல்லதுனு முடிவு பண்ண முடியாது. வீட்ல பண்ற எந்த டெஸ்ட்ல பாஸ் ஆனாலும் அது "இன்னும் ஃபெயில் ஆகல"ங்கறதோட சரி.

மொதல்ல வெயிட்டு விஷயம். இது கடைக்காரர் மேல தப்பு இல்ல, ஒரு காலத்துல எங்களுக்கும் சீனியருங்க இததான் சொல்லிக் குடுத்தாங்க. உள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மர், தடிமனான ஹீட்ஸிங்க், பெரிய கெபாசிட்டர் இருந்தா வெயிட்டா இருக்கும், டம்மியா இருந்தா தக்கையா இருக்கும், அது ஓரளவு உண்மைதான். ஆனா பழைய டிசைன்ல லைன்ல இருந்து கரண்ட சீரா இழுக்க வைக்க, பேசிவ் பிஎஃப்சினு (பவர் ஃபேக்டர் கரெக்ஷன்) ஒரு இரும்பு கோர் காயில் மூடியில ஸ்க்ரூ போட்டு நிக்கும், அது ஒண்ணே அரைக் கிலோவுக்கு கிட்ட இழுக்கும். அதாவது வெயிட்டுக்கு காரணமே பழைய டெக்னாலஜியா இருக்கலாம். புதுசா வர்ற நல்ல யூனிட்டுங்க எஃபிஷியன்சி கூடினதால, அதாவது சூடா வீணாகுற கரண்ட் குறைஞ்சதால, சின்ன ஹீட்ஸிங்க் வச்சே ஓட்டிடுறாங்க. இன்னொண்ணு, ஒரு தடவ ஒரு யூனிட்ட பிரிச்சேன், ஒரு ஓரத்துல எந்த வயரும் போகாம, எதையும் தொடாம, இரும்புத் தகடு ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூவுல சும்மா நிக்குது. தூக்கிப் பாக்குறவங்களுக்காகவே வச்சது. அதனால தக்கையா இருந்தா சந்தேகப்படுங்க, வெயிட்டா இருந்தா அத வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

இப்ப நீங்க போட்ட லேபிள் போட்டோவுக்கு வர்றேன், ஏன்னா உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலயே எழுதியிருக்கு, யாரும் படிக்கிறதில்ல. 3.3 வோல்ட் 20 ஆம்பியர், 5 வோல்ட் 22 ஆம்பியர், 12 வோல்ட் 17 ஆம்பியர், மைனஸ் 12 வோல்ட் 0.3, ஸ்டாண்ட்பை 5 வோல்ட் 2 ஆம்பியர். ஒரு பேப்பர எடுத்து பெருக்கிப் பாருங்க. 66, 110, 204, 3.6, 10. கூட்டினா 394 வாட் கூட முழுசா வரல. அவங்களே அவங்க கையால அச்சடிச்ச கணக்கே 500-க்கு வரல, அந்த 500 எங்கருந்து வந்துச்சுனு அந்த ஸ்டிக்கர் ஒட்டுனவருக்குத்தான் வெளிச்சம். அதுலயும் 3.3, 5 ரெண்டையும் ஒரே நேரத்துல முழுசா இழுக்க எந்த கம்பெனியும் விடாது, ரெண்டுக்கும் சேத்து ஒரு லிமிட் தனியா இருக்கும், உங்க லேபிள்ல அந்த வரியே காணோம்.

அதவிட முக்கியம் 12 வோல்ட் லைன். பென்டியம் 3 காலத்துல ப்ராசசருக்கு கரண்ட் பெரும்பாலும் 5 வோல்ட்ல இருந்துதான் போச்சு, அதனால அப்ப எஸ்எம்பிஎஸ்ல 5 வோல்ட், 3.3 வோல்ட்ல நிறைய ஆம்பியர் குடுத்தாங்க. 2000-ல பென்டியம் 4 வந்தப்போ போர்டுல தனியா அந்த நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் வந்துச்சு, அதுக்கப்புறம் ப்ராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, ஃபேன்னு எல்லா பெருந்தீனியும் 12 வோல்ட்டுக்கு மாறிடுச்சு. இன்னைக்கு உங்க மெஷின்ல 5 வோல்ட்ல இருந்து போறது எஸ்எஸ்டி, யூஎஸ்பினு சில்லறைதான். உங்க யூனிட் இன்னும் அந்த பழைய காலத்து பங்கீட்டுலயே நிக்குது. நல்ல 550 வாட் யூனிட்ட எடுத்துப் பாத்தீங்கன்னா 12 வோல்ட்ல மட்டும் 45 ஆம்பியர் கிட்ட போட்டிருப்பாங்க, அதாவது 540 வாட், கிட்டத்தட்ட மொத்தமும் 12 வோல்ட்லயே கிடைக்கும். உங்களுது 204.

இப்ப செலவு பக்கம். ஐ5-12400-க்கு இன்டெல் போட்டிருக்கிற மேக்ஸிமம் டர்போ பவர் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட். போர்டு, ரேம், ஃபேன், டிரைவ் எல்லாத்துக்கும் ஒரு நாப்பது வச்சுக்கங்க. எல்லாம் ஒண்ணா உச்சத்துக்குப் போறது அபூர்வம், கேம்ல ப்ராசசர் 117 போகாது, சரி, குறைச்சே போடுவோம், 60 வச்சாலும் கார்டோட சேத்தே 230 ஆயிடுது. 204-க்குள்ள அடங்கல. என்விடியாவே இந்த கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்னு சொல்றான், அது ஏன் அவ்ளோ கூடனு நிறைய பேர் கேக்குறாங்க. ஒண்ணு, உங்களோடத மாதிரி டுபாக்கூர் யூனிட்டையும் மனசுல வச்சு கொஞ்சம் கூட்டிதான் சொல்றான். இன்னொண்ணு, கார்டு 170 வாட்டுங்கறது சராசரி. மில்லி செகண்டுல, அதுக்கும் கம்மியான நேரத்துல, குபீர்னு அதுக்கு மேல எகிறி இறங்கும், குறிப்பா 30 சீரிஸ் கார்டுங்க இதுக்குப் பேர் போனது. இதனாலதான் பிசி எஸ்எம்பிஎஸ் எப்படி இருக்கணும்னு சொல்ற, 2022-ல வந்த ஏடிஎக்ஸ் 3.0 ஸ்பெசிஃபிகேஷன்ல, 450 வாட்டுக்கு மேல இருக்கிற யூனிட்டுங்க தன்னோட ரேட்டிங்ல ரெண்டு மடங்க 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்கணும்னு எழுதினாங்க. உங்க மெஷின் கேம் நடுவுல திடீர்னு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆச்சுன்னா அது பெரும்பாலும் இந்த எகிறல்லதான் ஆகும்.

கன்வெர்ட்டர் கேபிளப் பத்தி ஒரு வார்த்த. கார்டுக்கு வேண்டிய 8 பின் கனெக்டர் உங்க எஸ்எம்பிஎஸ்ல இல்லவே இல்லனு எழுதியிருந்தீங்க. செஞ்சவன் அத மறந்துபோய் விடல, 150 வாட் குடுக்க வேண்டிய கனெக்டர் அது, இந்த யூனிட்டால முடியாதுனு தெரிஞ்சுதான் விட்டிருக்கான். கடைக்காரர் குடுத்தது ரெண்டு மோலெக்ஸ்ல (பழைய நாலு பின் கனெக்டர்) இருந்து 8 பின்னா இருந்தா கூட பரவால்ல, கரண்ட் இருந்தா அந்த பின்னு தாங்கும், இங்க கரண்ட்தான் இல்ல. ஆனா அது ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டிக்குப் போற சாட்டா பவர்ல இருந்து 8 பின்னுக்கு மாத்துற கேபிளா இருந்தா தயவுசெஞ்சு கத்தரிய எடுத்து ரெண்டா வெட்டிப் போட்டுடுங்க. சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், ஒவ்வொண்ணும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதுல 150 வாட் இழுத்தா அந்த பிளாஸ்டிக் மொதல்ல மஞ்சளாகும், அப்புறம் இளகும், அப்புறம் வீட்ல எல்லாரும் "என்னடா கருகுற வாசன"னு கேப்பாங்க. பிரவுன் கலர்ல உருகி ஒட்டிப்போன சாட்டா கனெக்டர் எங்கிட்ட ஒரு டப்பாவே இருக்கு, நம்பாத கஸ்டமருக்குக் காட்ட வச்சிருக்கேன்.

சரி, பேப்பர் கிளிப் டெஸ்ட். போர்டுக்குப் போற பெரிய 24 பின் கனெக்டர்ல பச்ச வயரையும் பக்கத்துல ஒரு கருப்பு வயரையும் ஷார்ட் பண்ணா எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகும், ஃபேன் சுத்தும். மஞ்சள்ல 12, செவப்புல 5, ஆரஞ்சுல 3.3 வருதானு பாக்கலாம். ஸ்பெக் படி ப்ளஸ் மைனஸ் 5 சதவீதம், அதாவது 12 வோல்ட் லைன் 11.4-ல இருந்து 12.6 வரைக்கும் இருக்கலாம். இதுல உறுதியா தெரியறது ஒண்ணே ஒண்ணு, யூனிட் செத்துப் போகல. லோடு இல்லாம எடுத்த ரீடிங் அதுக்கு மேல எதையும் சொல்லாது. படுத்துக் கெடக்குற ஆளோட நாடியப் புடிச்சுட்டு இவர் மூட்ட தூக்குவாரானு சொல்ற மாதிரி. கம்மி விலைக்கு வர்ற டிஸ்ப்ளே வச்ச டெஸ்டரும் அதே கததான், அதுல லோடு பேருக்கு இருக்கும்.

இதவிட கொஞ்சம் உருப்படியா பண்ணணும்னா, மெஷின்ல மாட்டின நிலைமையிலயே, கேம் ஓடிட்டு இருக்கும்போது, 24 பின் கனெக்டரோட பின்பக்கமா மஞ்சள் வயர் நுழையற இடத்துல மீட்டர் ப்ரோப்ப செருகிப் பாருங்க, கருப்பு ப்ரோப் ஒரு கருப்பு வயர்ல. பக்கத்து பின்ன தொட்டுடாம கை நடுங்காம பண்ணணும், பழக்கம் இல்லன்னா விட்டுடுங்க. சும்மா இருக்கும்போது 12.1 காட்டி, லோடுல 11.5, 11.4-னு சரிஞ்சா அந்த யூனிட் கேஸ் முடிஞ்சுது. சரியலன்னா? திரும்பவும் அதேதான், நல்லதுனு அர்த்தம் இல்ல. சாஃப்ட்வேர்ல 12 வோல்ட் ரீடிங் காட்டுறத வச்சு பயப்படவும் வேண்டாம் நிம்மதியாகவும் வேண்டாம், போர்டுல இருக்கிற சென்சார் அளவீடு அது, எட்டு வோல்ட்டுனு காட்டின மெஷினெல்லாம் ஜம்முனு ஓடிட்டு இருந்திருக்கு, நெஜமாவே எட்டு வோல்ட் இருந்தா அது பூட்டே ஆகியிருக்காது.

மீட்டரால பாக்கவே முடியாத ஒண்ணு இருக்கு, அது ரிப்பிள். டிசினா நேர்கோடா இருக்கணும், ஆனா எஸ்எம்பிஎஸ் உள்ள செகண்டுக்கு பல ஆயிரம் தடவ சுவிட்ச் ஆகுறதால வெளிய வர்ற 12 வோல்ட் மேல சின்ன சின்ன அலை ஏறி இருக்கும். மேல இருந்து கீழ வரைக்கும் 12 வோல்ட்ல 120 மில்லிவோல்ட், 5-லயும் 3.3-லயும் 50 மில்லிவோல்ட், இதுதான் ஏடிஎக்ஸ் ஸ்பெக் விடுற எல்லை. மீட்டர் எல்லாத்தையும் சராசரி பண்ணி 12.08-னு அழகா நிக்கும். எங்கிட்ட அந்த அலையப் படமா காட்டுற ஒரு பழைய ஆசிலாஸ்கோப் இருக்கு, பேண்ட்விட்த்த 20 மெகாஹெர்ட்ஸுக்கு குறைச்சு, ப்ரோப் முனையில ஒரு 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், ஒரு 0.1 செராமிக் கெபாசிட்டர் ரெண்டையும் சேத்து பிடிச்சுதான் இத அளக்கணும், சும்மா ப்ரோப்ப வச்சா சுத்தியிருக்கிற குப்ப சத்தமெல்லாம் அலையா தெரியும். அப்படி ஒரு நாள் ஒரு கஸ்டமர் யூனிட்ட வச்சேன், மீட்டர்ல 12.08, ஸ்கோப்ல 300 மில்லிவோல்ட்டுக்கு ரம்பப் பல்லு மாதிரி நிக்குது. அந்த மெஷின்ல ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு ஹார்டு டிஸ்க் போயிருந்துச்சு. ரிப்பிளாலதான் போச்சுனு என்னால சத்தியம் பண்ண முடியாது, ஹார்டு டிஸ்க் தானாவும் சாகும், ஆனா எஸ்எம்பிஎஸ் மாத்துனதுக்கு அப்புறம் மூணாவது போகல.

இனி பாக்ஸ் மேல போட்டிருக்கிற 80 பிளஸ் சர்டிஃபிகேட். எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிற இடம் இதுதான். 2004-ல ஆரம்பிச்ச திட்டம், இப்ப கிளியரிசல்ட்டுனு ஒரு அமெரிக்க நிறுவனம் நடத்துது. அது அளக்கறது எஃபிஷியன்சிய, கூடவே பவர் ஃபேக்டர. பாதி லோடுல பிரான்ஸ், அதாவது வெண்கல கிரேடுனா 85 சதவீதம், கோல்டு கிரேடுனா 90, இது 115 வோல்ட் கணக்கு, நம்ம 230-ல வழக்கமா கொஞ்சம் கூடவே வரும். ரிப்பிள், ஷார்ட் ஆனா கட் ஆகுதா, ஓவர்லோடுல என்ன பண்ணுது, இதெல்லாம் அந்த சர்டிஃபிகேட்டுக்குள்ள வராது. கரண்ட் பில் மிச்சமாகும்னு நெனச்சு கோல்டு வாங்குறவங்களுக்கும் ஒரு கணக்கு: 300 வாட் லோடுக்கு பிரான்ஸ் சுவத்துல இருந்து 353 இழுக்கும், கோல்டு 333. 20 வாட் வித்தியாசம், தினம் நாலு மணி நேரம் கேம் ஆடினா மாசம் ரெண்டரை யூனிட் கூட வராது. அப்புறம் ஏன் கோல்டு வாங்குறாங்க, நானே ஏன் வாங்குறேன்னா, அவ்ளோ எஃபிஷியன்சி வரணும்னா உள்ள ஓரளவு நல்ல டிசைன் போட்டுத்தான் ஆகணும், அது மறைமுகமான சாட்சி. ஆனா அது மட்டும் போதாதுங்கறதுக்கு 2021-ல ஊரறிஞ்ச உதாரணம் இருக்கு, கிகாபைட்டோட ஜிபி-பி750ஜிஎம், 80 பிளஸ் கோல்டு யூனிட்தான். ரிவ்யூ பண்றவங்க ஓவர்லோடு டெஸ்ட்ல வச்சப்போ பட்டுனு வெடிச்சுது, கேமர்ஸ் நெக்ஸஸ்ங்கற யூடியூப் சேனல்ல வீடியோவே வந்துச்சு. அதுக்கப்புறம் ஓவர் பவர் ப்ரொடெக்ஷன் கட் ஆகுற அளவ 120-150 சதவீதத்துல இருந்து 110-120-க்கு குறைச்சோம்னு கம்பெனியே அறிக்கை விட்டு, மாத்தியும் குடுத்தாங்க.

80 பிளஸ் டெஸ்ட் நடக்குறது 23 டிகிரி ரூம்ல. நம்மூர்ல மே மாசம் 23 டிகிரிங்கறது ஏசி கடை வாசல்ல நின்னாதான் தெரியும். ரூமே 36, 37, கேபினெட் உள்ள 45 தாண்டும், எஸ்எம்பிஎஸ் அந்த சூட்டக் காத்தத்தான் உறிஞ்சும். நல்ல கம்பெனிக்காரன் முழு வாட்டேஜும் 40 டிகிரியிலயா 50 டிகிரியிலயாங்கறத ஸ்பெக் ஷீட்ல போட்டிருப்பான், அந்த வரிய தேடுங்க. கெபாசிட்டருக்கும் இதேதான், 85 டிகிரி ரகம், 105 டிகிரி ரகம்னு ரெண்டு இருக்கு, பத்து டிகிரி குறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்குங்கறது தோராயக் கணக்கு. ஜப்பான் கெபாசிட்டர், நிப்பான் கெமிகான், ரூபிகான், நிச்சிகான்னு விளம்பரத்துல போடுறது சும்மா இல்ல, நம்ம வெயிலுக்கு அது வேணும்.

யூனிட்ட பிரிக்காம வெளிய இருந்தே பாக்கக்கூடியது சிலது இருக்கு. வயர் மேல பொடி எழுத்துல 18 ஏடபிள்யூஜினு அச்சடிச்சிருக்கும், அதுதான் வேணும், 20 இல்ல 22-னு இருந்தா வயர் மெலிசு, நம்பர் ஏற ஏற வயர் மெலியும். பின்னாடி 115/230-னு சின்ன செவப்பு சுவிட்ச் இருந்தா அது ஆக்டிவ் பிஎஃப்சி (இரும்பு காயிலுக்குப் பதிலா சர்க்யூட் வச்சே அந்த வேலைய பண்றது) இல்லாத பழைய டிசைன். அந்த சுவிட்ச் இருந்தா அது மேல இன்னைக்கே செல்லோடேப் ஒட்டுங்க, வீட்டுல சின்னப் பசங்க யாராவது 115-க்கு தள்ளிட்டு ஆன் பண்ணாங்கன்னா உள்ள இருக்கிற ரெண்டு கெபாசிட்டரும் தாங்க வேண்டியதுக்கு ஒண்ணரை மடங்கு வோல்டேஜ் ஏறி அணுகுண்டு வெடிச்ச மாதிரி சத்தம் கேக்கும், லீவு நாள் முடிஞ்சு ஜூன்ல எனக்கு இந்த கேஸ் வராத வருஷமே இல்லாம இருந்துச்சு. ஃபேன் ஜாலி வழியா டார்ச் அடிச்சா பெரிய கெபாசிட்டர் தெரியும், உச்சி உப்பியிருக்கா, பழுப்பா கசிஞ்சிருக்கா பாருங்க. அதோட நிறுத்திக்கங்க. மூடிய கழட்டாதீங்க. பிளக்க புடுங்கினதுக்கு அப்புறமும் அந்த பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம், நான் ரெஸிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணாம கைய உள்ள விடமாட்டேன். ஜாலி வழியா பல்லி வால் தெரிஞ்சாலும் எடுக்கப் போகாதீங்க, அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.

கேபினெட்ட தொட்டா சுருக்குனு அடிக்குது, டெஸ்டர் வச்சா எரியுது, அதனால எஸ்எம்பிஎஸ் கெட்டுப் போச்சானு கேள்விக் கடைசியில ஒரு வரி போட்டிருந்தீங்க. இது எஸ்எம்பிஎஸ் கோளாறா இருக்க வாய்ப்பு கம்மி, பெரும்பாலும் உங்க வீட்டு எர்த் கோளாறு. எஸ்எம்பிஎஸ் உள்ள வர்ற இடத்துல ஃபேஸ்ல இருந்து பாடிக்கு ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து பாடிக்கு ஒண்ணுனு ரெண்டு சின்ன கெபாசிட்டர் வச்சிருப்பாங்க, சத்தத்த எர்த்துக்கு விரட்டறதுக்கு. எர்த் இல்லன்னா பாடி ரெண்டுக்கும் நடுவுல தொங்கும், 230-ல பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட் காட்டும். கரண்ட் மில்லி ஆம்பியருக்கும் கம்மிங்கறதால சுருக்குனு மட்டும் இருக்கும். வேடிக்கை என்னன்னா, ரொம்ப மட்டமான எஸ்எம்பிஎஸ்ல காசு மிச்சம் பிடிக்க அந்த ஃபில்டரையே எடுத்துட்டு ஜம்பர் போட்டிருப்பான், அது ஷாக்கும் அடிக்காது. அதுக்காக எர்த் இல்லாம ஓட்டலாம்னு எடுத்துக்காதீங்க, நெஜமான லீக்கேஜ் வந்தா அந்த எர்த் வயர் ஒண்ணுதான் உங்களுக்கும் ஃபேஸுக்கும் நடுவுல. மூணு பின் பிளக்ல பெரிய பின்ன ஒடிச்சுட்டு ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன்ல சொருகியிருந்தா மொதல்ல அத சரி பண்ணுங்க.

அப்போ எத வச்சுதான் வாங்குறது. பிராண்டு பேர மட்டும் வச்சு இல்ல. எஸ்எம்பிஎஸ்ல பாக்ஸ் மேல இருக்கிற பேர் வேற, செய்யறவன் வேற. கோர்சேரோட நிறைய மாடல் சிடபிள்யூடி, கிரேட் வால் மாதிரி ஃபேக்டரியில செஞ்சு வர்றது. சீசானிக், எஃப்எஸ்பி மாதிரி சிலர் தானே செஞ்சு தன் பேர்லயும் விக்கிறாங்க, அடுத்தவன் பேர்லயும் செஞ்சு குடுக்கறாங்க. ஒரே பிராண்டுல ஒரு சீரிஸ் தங்கம், இன்னொரு சீரிஸ் தகரம். அதனால குறிப்பிட்ட மாடலுக்கு யாராவது எலக்ட்ரானிக் லோடுங்கற, வேணுங்கற அளவு கரண்ட இழுக்குற கருவிய வச்சு, 40 டிகிரிக்கு மேல சூட்டுல, முழு லோடுலயும் 110 சதவீதத்துலயும் ஓட்டி, ரிப்பிள் படம் போட்டு, ஒவ்வொரு ப்ரொடெக்ஷனும் எந்த இடத்துல கட் ஆச்சுனு எழுதியிருக்காங்களானு பாருங்க. சைப்ரஸ்ல இருக்கிற சைபனெட்டிக்ஸ் லேப் இப்படி நிறைய மாடலுக்கு எஃபிஷியன்சி, சத்தம் ரெண்டுக்கும் தனித்தனியா ரேட்டிங் குடுத்து ரிப்போர்ட்டையே பொதுவுல போடுறாங்க. பாக்ஸ பிரிச்சு கேபிளக் காட்டி "பில்ட் குவாலிட்டி சூப்பர்"னு முடிக்கிற வீடியோ ரிவ்யூ இல்ல. எனக்கு அந்த ரிப்போர்ட் எதுவும் கிடைக்கலன்னா அடுத்து நான் பாக்கறது வாரண்டி. அஞ்சு வருஷம், ஏழு வருஷம் குடுக்கறவன் எத்தன திரும்பி வரும்னு கணக்குப் போட்டுட்டுத்தான் குடுக்கறான், ஒரு வருஷம் குடுக்கறவனும் அதே கணக்கப் போட்டுட்டுத்தான் குடுக்கறான்.

நான் உறுதியா சொல்ல முடியாத ஒரு விஷயம், யூபிஎஸ். உங்க வீட்ல இன்வெர்ட்டர்னு சொன்னீங்க. நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்ட். கரண்ட் போனா நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடுல ஒரு 16, 17 மில்லி செகண்ட் உள்ள இருக்கிற கெபாசிட்டர வச்சே சமாளிக்கும், ஏடிஎக்ஸ் 3.1-ல முழு லோடுக்கு 12 இருந்தா போதும்னு தளத்திட்டாங்க. மட்டமான யூனிட் அதுல பாதி கூட தாங்காது. இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடு, நார்மல் மோடுனு சுவிட்ச் இருந்தா யூபிஎஸ் மோடுல போடுங்க, நார்மல்ல மாறுறதுக்கு அத விட நேரம் எடுக்கும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், அதுக்கு எஸ்எம்பிஎஸ்ஸ திட்டி பிரயோஜனம் இல்ல. இது வரைக்கும் நிச்சயம். ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸும் ப்யூர் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே வழவழப்பான அலை) குடுக்காத சாதா யூபிஎஸ்ஸும் ஒத்துப் போகுமாங்கறதுதான் நிச்சயமில்லாதது. ஒரே மாடல் யூபிஎஸ், ஒரே மாடல் எஸ்எம்பிஎஸ், ஒரு வீட்ல கம்முனு ஓடுது, இன்னொரு வீட்ல கேம் நடுவுல கரண்ட் போனா கட் ஆகுது. லோடு கம்மியா இருந்தா பெரும்பாலும் ஒத்துப் போகுது, யூபிஎஸ் அளவுக்கு நெருங்கினா தகராறு பண்ணுதுங்கறது என் அனுபவம், அவ்ளோதான், விதினு சொல்லமாட்டேன். 600 விஏ யூபிஎஸ்னா 360 வாட்தான் வழக்கமா, 600 வாட் இல்ல, அதையும் மனசுல வச்சுக்கங்க.

ஆக உங்க விஷயத்துல டெஸ்ட் எதுவும் தேவையில்ல, லேபிள்லயே ஃபெயில். இப்ப இருக்கிற யூனிட் கார்டு இல்லாம ஐ5-ஐ மட்டும் ஓட்டுறதுக்கு இத்தன வருஷம் தாங்கியிருக்கு, அது வரைக்கும் அது பொழப்ப ஒழுங்கா பாத்திருக்கு, கார்ட மட்டும் அது தலையில வைக்காதீங்க. 550 இல்ல 650 வாட், 12 வோல்ட்ல 45 ஆம்பியர் கிட்டயோ அதுக்கு மேலயோ, ஆக்டிவ் பிஎஃப்சி, 5 வோல்ட்டும் 3.3-யும் 12-ல இருந்து பிரிச்சு எடுக்கற டிசி டூ டிசி டிசைன், கேபிள்லயே வர்ற 8 பின் கனெக்டர், அஞ்சு வருஷ வாரண்டி, பிரான்ஸ் போதும். 850, 1000-னு கடையில ஏத்திவிடுவாங்க, இந்த கார்டுக்கு அது வேண்டாம். செகண்ட் ஹேண்ட்ல கார்டு வாங்குங்க, எஸ்எம்பிஎஸ் மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வேண்டாம், அது உள்ள எத்தன மே மாசம் பாத்துச்சுனு வெளிய தெரியாது. கேபிளக் கழட்டி மாட்டுற மாடுலர் யூனிட்டா வாங்கினா அதோட பாக்ஸ்ல வந்த கேபிள மட்டும்தான் போடணும், எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில சீரிஸுக்கு சீரிஸ் மாறும், பொருந்துதேனு ஃப்ரெண்டோட கேபிள சொருகினா 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 போய் எஸ்எஸ்டி ஒரே செகண்டுல காலி. ரெண்டு மூணு மாடல் பாத்து வச்சிருந்தீங்கன்னா அதோட லேபிள் போட்டோவ கீழ போடுங்க, 12 வோல்ட் வரி தெளிவா தெரியற மாதிரி எடுங்க, பாத்து சொல்றேன்.